டெரிங்கின் வலது கை

எங்கள் ஊரில் பன்றி குத்துகிறவள் டெரிங். சொத்தேரா மராலிட் என்பது ஞானஸ்நானப் பெயர். அது அவளுக்கே மறந்துபோயிருக்கும். பிலிப்பைன்ஸில் எங்கள் தால் ஏரிக்கரையில் எந்த வீட்டில் கல்யாணம், எந்தத் தெருவில் திருவிழா என்றாலும், பட்டியில் ஒரு பன்றி கொழுத்து நின்றால் "டெரிங்கைக் கூப்பிடு" என்பார்கள். பொம்பிளை பன்றி குத்துவதாவது என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு குத்தைப் பார்த்துவிட்டால் சிரிப்பு அடங்கிவிடும். கழுத்துக்கு அடியில் கத்தி பிடிவரை உள்ளே போகும். ஒரு திருப்பு. வெளியே வரும். பன்றி இரண்டாவது முறை கத்தாது.

அந்தத் தொழிலை அவளுடைய அப்பா செய்துகொண்டிருந்தார். ஒரு திருவிழாவுக்கு முந்தின நாள் கயிற்றை அறுத்துக்கொண்ட ஆண்பன்றி அவருடைய தொடையைக் கோரைப்பல்லால் கிழித்துவிட்டது. சேற்றில் கிடந்து இரத்தம் போயே செத்தார். அம்மா அதற்கு முன்பே, கடைசிப் பிரசவத்தில் போய்விட்டாள். டெரிங்குக்கு அப்போது கல்யாண வயது. அப்பாவின் கையிலிருந்த கத்தியை எடுத்தாள். பன்றியை மூலையில் மடக்கி, அது மோதி அவள் விலா முறிந்தும் விடாமல், குத்திக் கொன்றுவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் திருவிழாவுக்கு அந்தப் பன்றிதான் கறியானது. அன்றிலிருந்து கத்தி அவளிடமே இருந்தது.

தம்பிகள் இரண்டு பேர், ஓமெங்கும் செலோவும். செலோ அப்போது கோவணம்கூடக் கட்டத் தெரியாத குழந்தை. இரண்டு பேரையும் அவள்தான் வளர்த்தாள், அடித்து வளர்த்தாள். விறகுக்கட்டை, செருப்பு, அகப்பை, கையில் எது கிடைக்கிறதோ அது. அடித்த கையாலேயே சோறும் ஊட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் அந்தக் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்க வேண்டும். மறந்தால் அதற்கும் ஓர் அடி. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த ஒருவனையும் தம்பிகள் கல்லால் அடித்துத் துரத்தியதாகச் சொல்வார்கள்.

நான் அடுத்த வீட்டுக்காரி, பீனா. டெரிங் பன்றி குத்தும்போது இரத்தம் பிடிக்கும் சட்டி என் கையில்தான் இருக்கும். வினிகர் ஊற்றி, உறையாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் இரத்தக் குழம்பு நன்றாக வரும். அதனால் அந்தக் காலையில் நடந்ததை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாளும் எங்கள் ஊரில் விடிவதற்குள் பூசை. ஒன்பதையும் விடாமல் பார்த்தவர்களுடைய வேண்டுதல் பலிக்கும் என்று நம்பிக்கை. அந்த வருஷம் செலோவும் அவன் மனைவி லூமிங்கும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. லூமிங்குக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. இப்போது மறுபடி நிறைமாதம். கோயில் வாசலில் நான் தணலில் பிபிங்கா என்கிற அரிசிப் பணியாரம் சுட்டு விற்பேன். இருட்டில் அவளைக் கையில் தாங்கி அழைத்துவருகிற செலோவைப் பார்த்து, "என்னடா, பிள்ளத்தாச்சி அவளா நீயா? நீதான் இப்படி மூச்சு வாங்குற" என்பேன். "பீனாக்கா, வயித்தெரிச்சல் படாதே, ரெண்டு பணியாரம் குடு" என்பான். செலோ சிரித்தால் ஊரே சிரிக்கும். கோபம் வந்தால் கண் தெரியாது. அண்ணன் ஓமெங் அப்படியில்லை. வாயே திறக்க மாட்டான். குடித்தால் மட்டும் பேசுவான், பேச்செல்லாம் ஊசி. அவன் மனைவி ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டாள். நீத்தாங் என்கிற சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு அவன் தனியாகக் கிடந்தான்.

மூன்று பேருடைய வீடும் ஒரே முற்றத்தில். அந்த முற்றத்தில் செலோ ஒரு சேவல் வளர்த்தான். பெயர் கர்னல். கறுப்பும் சிவப்புமாக, எண்ணெய் தடவியதுபோல மின்னும். காலில் கத்தி கட்டிக் கிறிஸ்துமஸ் அன்று களத்தில் இறக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தன் சோற்றில் பாதியை அதற்குப் போட்டுவந்தான்.

ஒன்பதாவது பூசை நடந்துகொண்டிருந்தபோது நீத்தாங் தூக்கம் கலைந்து முற்றத்துக்கு வந்திருக்கிறாள். கர்னலைத் தடவிக்கொடுக்கப் போயிருக்கிறாள். அது பாய்ந்து குழந்தையின் முகத்தில் கொத்திவிட்டது. கண்ணுக்குக் கீழே, ஒரு நகம் தள்ளி. இரவெல்லாம் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த ஓமெங் அலறல் கேட்டு ஓடிவந்தான். பிள்ளை முகமெல்லாம் இரத்தம். சேவலைப் பிடித்து, விறகு வெட்டும் கட்டையில் வைத்து, தலையை ஒரே போடு.

நான் கடையை லூமிங்கின் தங்கையிடம் விட்டுவிட்டுச் சட்டியோடு வந்தபோது விடிந்திருந்தது. டெரிங் குழந்தையின் கன்னத்தில் துணி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கர்னல் ஓமெங்கின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"யக்கா, செலோ வந்தா என்ன சொல்றது?" என்றேன்.

"நடந்ததைத்தான் சொல்லணும். பிள்ளைக்குக் கண்ணு தப்பிச்சதே பெருசு. மொதல்ல பன்னி முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காதே." பிறகு ஓமெங் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். இன்னைக்கு உன் நாக்கை உள்ளயே வச்சுக்க."

பலகையில் பன்றியைச் சாய்த்துக் கட்டினார்கள். முன்னங்காலை ஓமெங் பிடித்தான். பின்னங்கால் எப்போதும் செலோவுடையது. அவன் வராததால் என் புருஷன் பிடித்தான். டெரிங் குத்தினாள். சட்டியில் இரத்தம் விழுந்தது. நான் கிண்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் செலோ சீட்டியடித்துக்கொண்டே முற்றத்துக்குள் வந்தான், பின்னால் லூமிங். நேரே சேவல் கட்டிய இடத்துக்குப் போனான். சீட்டி நின்றது.

"கர்னல் எங்க?"

பன்றி மட்டும் கொரகொரவென்று மூச்சு விட்டது.

"அக்கா, கர்னல் எங்க?"

"இருடா, இதை முடிச்சிட்டு..."

"அடுப்புல இருக்கான்" என்றான் ஓமெங், குனிந்தபடியே. "பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் போட்டிருக்கேன். நல்ல கொழுப்பு. தொடை வேணும்னா உனக்கு."

செலோ போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தான். மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தான். சுவரில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவினான்.

"ஒம்பது நாளா முட்டி தேய மண்டி போட்டிருக்கேன்டா. இன்னைக்குத்தான் முடிஞ்சுது. இன்னைக்கா?"

"எம் பொண்ணு மூஞ்சியப் பாருடா, நாயே! கோழிக்கு அழுவுறான், கோழிக்கு! பொறக்காத பிள்ளைங்களுக்குக்கூட நீ இவ்வளவு அழுவல!"

லூமிங் "ஐயோ" என்றாள். அந்த வார்த்தையை ஓமெங் சொல்லியிருக்கக் கூடாது. செலோ பாய்ந்தான். ஓமெங் பன்றியின் காலை விட்டான். பாதி உயிரில் இருந்த பன்றி உதைத்ததில் பலகை கவிழ்ந்தது, சட்டி என் மார்பில் கொட்டியது. டெரிங் நடுவில் வந்தாள். குத்துக்கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. அந்தக் கையைத் தூக்கி, "வேணாம்டா" என்றாள். வெட்டுக்கத்தி குறுக்கே இறங்கியது.

கை மணிக்கட்டுக்கு மேலே அறுந்து தரையில் விழுந்தது. விரல்கள் கத்தியைப் பிடித்தபடியே இருந்தன. டெரிங் அதைக் குனிந்து பார்த்தாள், யாரோ எதையோ போட்டுவிட்டுப் போனதுபோல.

செலோ வெட்டுக்கத்தியை நழுவவிட்டான். ஓமெங் மண்டியிட்டு, அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குத்துக்கத்தியை எடுத்தான். செலோ திரும்பி ஓடினான். ஓமெங் வேலியருகே அவனை எட்டி, தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை முதுகைக் கிழித்தான். செலோ வேலியோடு விழுந்து, எழுந்து, கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டான். பன்றி முற்றத்து நடுவில் விழுந்து செத்தது.

என் புருஷன் பன்றி கட்டின கயிற்றாலேயே டெரிங்கின் கையை இறுக்கினான். ஜன்னலெல்லாம் நட்சத்திரம் தொங்கவிட்ட ஜீப்னி வண்டி ஒன்று வந்தது, அதில் ஏற்றினோம். கையை ஒரு துண்டில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். வழியில் டெரிங் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பன்னி முழுசா ரத்தம் விட்டுச்சா? இல்லன்னா கறி கெட்டுரும்."

கையை ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் புருஷன் அதை ஊருக்குக் கொண்டுபோய் அவள் அப்பாவின் கல்லறையில் ஓரமாகப் புதைத்தான்.

அன்று மாலை, மாதாவும் சூசையும் வீடு வீடாகப் போய்த் தங்க இடம் கேட்டுப் பாட, வீட்டுக்காரர்கள் இடமில்லை என்று உள்ளேயிருந்து பாடுகிற ஊர்வலம். அந்த வருஷம் மாதா வேஷம் லூமிங்குக்கு, சூசை வேஷம் செலோவுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. வேண்டாம், வீட்டில் இரு என்று எல்லோரும் சொன்னோம். நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதான் என்று லூமிங் நீல முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சூசையாகக் கோயில் பிள்ளை போனான். கதவு கதவாகப் பாடினாள். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய தெருவில் மட்டும் பாட்டு நின்றது. அங்கே நின்று இருட்டைப் பார்த்து, "செத்துட்டியா, இருக்கியா?" என்று கத்தினாள்.

கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்: ஓமெங், சித்தப்பன் மகன்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கரும்பைச் சுற்றி நிற்கிறான். கையில் பெட்ரோல். செலோ வெளியே வராவிட்டால் கொளுத்தப்போகிறான்.

டெரிங் கஞ்சியை முழுவதும் குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என் பாவாடையை எடு" என்றாள்.

நர்ஸ் குறுக்கே நின்றாள். டெரிங் அவளை ஒரு பார்வை பார்த்தாள், நர்ஸ் நகர்ந்துவிட்டாள். என் புருஷனுடைய மோட்டார் ட்ரைசைக்கிளில் வந்தோம். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் ஞானத்தாய், ஞானத்தகப்பன் வீடுகளுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

ஓமெங் அடிக்கரும்பில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்கு வந்தே? போய்ப் படு அக்கா."

"அது என்னடா கையில?"

"அவனுக்கு. உன் கைக்கு."

"யாரு கை?"

"உன் கைதான்."

"என் கைன்னா நான்தானே கேக்கணும்? நான் கேட்டேனா?"

அவன் தீப்பெட்டியை எடுத்தான். டெரிங் கீழே வெட்டிப் போட்டிருந்த கரும்பு ஒன்றை இடது கையால் எடுத்து அவன் காதோடு சேர்த்து அடித்தாள். அவன் சுருண்டு விழுந்தான். விழுந்தவனை அடித்தாள். முகம், தோள், முழங்கால். "சேவலை வெட்டினது நீ! அந்தப் பேச்சைப் பேசினது நீ! இப்ப என் பேரைச் சொல்லித் தம்பியக் கொளுத்துவியா?" கரும்பு பிளந்து சாறு தெறித்தது. கட்டுத் துணியில் இரத்தம் ஊறிச் சொட்டியது. சித்தப்பன் மகன்கள் பெட்ரோல் டின்னை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு கரும்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "செலோ! வெளிய வா. நான் உள்ள வந்தேன்னா உனக்கு இன்னும் மோசமாயிரும்."

நெடுநேரம் கழித்துக் கரும்புச் சோகை அசைந்தது. நான்கு காலில் தவழ்ந்து வந்தான். முதுகில் ஈ மொய்த்தது, உடம்பு காய்ச்சலில் கொதித்தது. அக்காவின் காலடியில் மண்டியிட்டு, சிறுவயதிலிருந்து வந்த பழக்கத்தில், நெற்றியில் ஒற்றிக்கொள்ள வலது கையைத் தேடினான். அங்கே துணிக்கட்டுதான் இருந்தது. அவன் அலறிய அலறலை நான் மனிதக் குரலில் கேட்டதில்லை.

டெரிங் அவன் விலாவில் எட்டி உதைத்தாள். "அழுவாதே. எந்திரி. வண்டியில ஏறு."

மறுநாள் போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், சின்ன வயதில் டெரிங் குத்திய பன்றியின் காதைச் சுட்டுத் தின்றவர்.

"எப்படிக்கா ஆச்சு?"

"பன்னி குத்துறப்ப கத்தி வழுக்கிருச்சு."

"கத்தி எந்தக் கையில இருந்துச்சு?"

"எடது கையில."

"நீ வலது கைக்காரியாச்சே. நானே பாத்திருக்கேன்."

"அன்னைக்கு எடது கையில பிடிச்சேன். இனிமேயும் எடது கைதான். நல்லா எழுதிக்க."

அவர் பக்கத்துக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்த செலோவைப் பார்த்தார். "இவன் முதுகு?"

"கரும்புச் சோகை கிழிச்சுது."

"இவ்வளவு ஆழமாவா?"

"எங்க ஊர்க் கரும்பு அப்படித்தான் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். என் கண்ணெல்லாம் பன்றி இரத்தம், எதையும் பார்க்கவில்லை என்றேன். பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் லூமிங்குக்குப் பெண் பிறந்தது, உயிரோடு. ஞானஸ்நானம் முடிந்ததும் செலோ குடும்பத்தோடு ஏரிக்கு அக்கரையில் போய்க் குடியேறிவிட்டான். ஓமெங் இந்தக் கரையில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டெரிங்கை இரண்டு பேரும் பார்த்தார்கள். ஆனால் அவள் முன்னால் நிமிர்ந்து நின்றதில்லை.

இடது கையால் குத்தப் பழகுவது அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. வாழைத்தண்டைக் கட்டிவைத்துக் குத்திக் குத்திப் பார்த்தாள். முதல் பன்றி மூன்று குத்து வாங்கியும் சாகாமல் கதறியது. கத்தியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தியெடுத்தாள். மறு கிறிஸ்துமஸில் பழைய டெரிங் ஆகிவிட்டாள்.

பிள்ளைகள் ஆசீர்வாதம் வாங்க வந்தபோதுதான் சங்கடம். இடது கையைக் கொடுப்பதா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் மொட்டைக் கையை நீட்டினாள். பிள்ளைகள் தாய்மார்களின் பாவாடைக்குள் ஒளிந்தார்கள். கன்னத்தில் தழும்போடு நீத்தாங் முன்னே வந்து, அந்தக் கட்டையைக் கவனமாகப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "சூடா இருக்கு அத்தே" என்றாள். அதன்பிறகு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள்.

வருஷங்கள் இப்படிப் போயின. கிறிஸ்துமஸ் விருந்தை டெரிங் ஒரு தம்பியோடு இரவும், படகேறிப்போய் இன்னொரு தம்பியோடு பகலுமாகச் சாப்பிட்டாள். பிறகு ஒரு டிசம்பரில் இரண்டு பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினாள்: சாயங்காலம் என் வீட்டுக்கு வா, தனியாக வா.

வந்தார்கள். ஒருவனுக்கு இன்னொருவன் வருவது தெரியாது. வாசலில் பார்த்துக்கொண்டார்கள். கதவு பூட்டியிருந்தது.

"அக்கா, தெற!" என்றான் ஓமெங்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா தெறப்பேன்."

"இவனோடயா?"

"ஆமா, உன்னோட நிக்கத்தான் எனக்கு ஆசை பாரு" என்றான் செலோ. "எம் பிள்ளைங்களப் பத்திப் பேசின வாய் அது."

"வாயைப் பத்தி நீ பேசாதே, கைய வெட்டின நாயி."

முதல் குத்து யார் விட்டது என்று இன்றும் ஊரில் சண்டை. தெருப் புழுதியில் உருண்டார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. மூக்கு உடைந்தது, சட்டை கிழிந்தது. அந்த நேரம் பார்த்து, மாதாவும் சூசையும் பாட்டுக் கோஷ்டியும் இடம் கேட்கும் ஊர்வலமாக டெரிங் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். சூசை வேஷம் போட்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் விலக்கிவிடக் கோலோடு குறுக்கே போய், ஓமெங்கிடம் ஒரு குத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஓமெங்கின் முன்பற்கள் இரண்டு செலோவின் முட்டியில் தெறித்தன. கடைசியில் மூச்சு தீர்ந்துபோய், ஒருவன் கழுத்தை ஒருவன் பிடித்தபடியே கிடந்தார்கள். பிடி இறுகவும் இல்லை, விடவும் இல்லை. செலோதான் முதலில் விம்மினான். பிறகு ஓமெங்.

"அன்னைக்கு அந்த வார்த்தைய..." என்றான் ஓமெங், வாயில் இரத்தத்தோடு. "லூமிங்கிட்ட நான் எப்படிடா முழிப்பேன்?"

"போய் முழி. அவளும் ஒண்ணு குடுப்பா. வாங்கிக்க."

கதவு திறந்தது. டெரிங் சண்டையை ஜன்னல் வழியே முழுவதும் பார்த்திருக்கிறாள். ஊர்வலத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னைக்கு எனக்குப் பாட்டெல்லாம் வராது. எல்லாரும் உள்ள வாங்க. வாத்தியாரே, நீங்களும்தான். மூக்குக்கு ஐஸ் தரேன்."

மேசையில் தொடைக்கறியும் சீஸ் உருண்டையும் இருந்தன. ஓமெங்கால் எதையும் கடிக்க முடியவில்லை. செலோ எழுந்துபோய் இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தான்.

"சூடு. ஊதிக் குடி" என்றான்.

டெரிங் அதற்குப் பிறகும் நிறைய வருஷம் இருந்தாள். ஒரு புதுவருஷத்துக்கு மறுவாரம், வெடிச்சத்தமெல்லாம் ஓய்ந்தபிறகு, தூக்கத்திலேயே போனாள். சவப்பெட்டியைக் கோயிலிலிருந்து தூக்கும்போது, முன்பக்கம் யார் பிடிப்பது என்று தம்பிகள் இரண்டு பேருக்கும் தகராறு. "நான் மூத்தவன்." "உன் முட்டிக்கு நீ பெட்டியோட விழுவே, தள்ளு." பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு வெயிலில் நின்று காத்திருந்தார்.